இடது பக்கம் கொஞ்சம் கம்மி

கலியமூர்த்தி டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். திரும்பக் கூடாது என்று நினைத்தேன், திரும்பிவிட்டேன். அடுக்கு டப்பா, மேலே பொரியல், நடுவில் சோறு, அடியில் எதையோ குழைத்து ஊற்றியது. கீபோர்டைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைக்கிறார். அந்தக் கீபோர்டில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு பருக்கை பொங்கல் முடிந்ததிலிருந்து காய்ந்து கிடக்கிறது, தினமும் நான் பார்க்கிறேன், அவர் பார்த்ததில்லை. சாப்பிடுவதற்கென்றே பாண்ட்ரி என்று ஒன்றை எதற்குக் கட்டி வைத்திருக்கிறார்களோ. அங்கே சின்னப் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்களாம், இவருக்கு நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம், அதனால் என் இடது பக்கத்தில், கையகலத் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து பிசைகிறார். பிசைந்தாலாவது பரவாயில்லை. பிசைந்ததை உள்ளங்கையில் ஏந்தி, அது வழிந்து மணிக்கட்டுக்கு வரும்போது நாக்கை நீட்டி நடுவழியில் மறித்து, பிறகு வாயைத் திறந்தபடியே மெல்லுவது இருக்கிறதே. வாயை மூடிக்கொண்டும் மெல்லலாம் என்று ஐம்பது தாண்டிய ஆம்பளைக்கு யார் போய்ச் சொல்வது. நான் சொன்னேன், நேராக இல்லை, ஹெச்.ஆர். மூலமாக எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரு மெயில், இருக்கையில் அமர்ந்து உண்பவர்கள் அருகில் இருப்பவர்களையும் மனதில் கொள்ளவும் என்று. அதற்குப் பலனும் இருந்தது. இந்த இரண்டு மூன்று மாதமாக அந்தச் சத்தம் எவ்வளவோ குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஹெட்போனையும் தாண்டி வரும், சப் சப் என்று, நான் கேட்கிற பாட்டுக்கு அவர் தாளம் போடுகிற மாதிரி. இப்போது தாடை அசைவதுதான் தெரிகிறது, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி எங்கேயோ இருக்கிறது. ஆனாலும் குமட்டுகிறது. பார்த்தாலே கேட்டுவிடுகிறது. மனிதர் ஏதோ தன்னால் முடிந்தவரை திருந்தியிருக்கிறார், நமக்குத்தான் பழைய அருவருப்பு போகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேஜை மேல் இரண்டு பெட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம், இரண்டும் சோப்புக்கட்டி அளவுதான். கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கிடக்கிற ஒலியைக் காதுக்கான ஒலியாக மாற்ற டாக் என்று ஒன்று, மாற்றியதைப் பெரிய ஹெட்போனுக்குப் போதுகிற அளவுக்கு ஏற்றிக் கொடுக்க ஆம்ப் என்று ஒன்று, இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி செய்து விற்கிறார்கள். ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கிற ஷாகுல் நேற்று இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆபீசுக்குத்தானே வேணும், ஆபீசிலேயே போட்டுக் கேளுங்க மேடம் என்றார். இன்று சாயங்காலம் வந்து ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார், எதை என்று நான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருக்கிறேன். கறுப்பு சுடுகிறது, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. வெள்ளியில் கைரேகை படிகிறது, என்னுடையதா, எனக்கு முன்னால் கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவனுடையதா, துடைக்கத் துடைக்க வருகிறது. துடைப்பது எனக்குப் புதிதில்லை. இந்த வேலையில் சேர்ந்தபோது எல்லாருக்கும் பொது ஹெட்செட்தான், ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு ஏறும். பஞ்சு வெதுவெதுவென்று இருக்கும். அதில் முந்தின ஆளின் தேங்காயெண்ணெய், வியர்வை, பொடுகு, காதுக்குள்ளிருந்து வருகிற அந்தப் புளித்த நாற்றம். ஒருநாள் பஞ்சுக்குள் ஒரு நீள முடி சுற்றிக்கொண்டிருந்தது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே சொந்தமாக ஒரு பெரிய ஹெட்போன் வாங்கிவிட்டேன். அதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரின் சத்தம் போதவில்லை என்று ஒரு பெட்டி வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. தமயந்தி மேடத்துக்கு ரொம்ப மியூசிக் டேஸ்ட் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். யாரோ ஒருத்தியின் முடியிலிருந்து ஆரம்பித்தது இது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

டேஸ்ட் என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. ஹெட்போன்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் இருக்கிறேன், அங்கே ஒருவனாவது கேட்டேன் என்று எழுதுவதில்லை, எல்லாம் தின்கிற பேச்சுதான். பாஸ் சத்தம் ஜூஸியாக இருக்கிறது. குரல் வெண்ணெயாக வழுக்குகிறது. இந்த டாக் வறட்டு ரொட்டி, அந்த டாக் நெய் ரோஸ்ட். காதுக்குள் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் எல்லாரும். ஆனால் அவர்களிடமிருந்துதான் எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்தது. சானல் இம்பேலன்ஸ். திருகுகிற மாதிரி வால்யூம் இருக்கிற மலிவுப் பெட்டிகளில், சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒரு பக்கம் கம்மியாகவும் ஒரு பக்கம் அதிகமாகவும் வரும், அது பெட்டியின் குணம், யாருடைய குற்றமும் இல்லை. போன வருஷக் கடைசியில் என் பழைய பெட்டியில் இடது பக்கம் கொஞ்சம் கம்மியாகத் தெரிந்தபோது குரூப்பில் எழுதினேன். உடனே ஆளுக்கு ஆள் வந்துவிட்டார்கள், ஆமாம் மேடம், அது அந்த மாடலோட வியாதி, மாத்திடுங்க. மாற்றினேன். அதிலும் இடது கம்மி. அதுவும் வியாதிதான் என்றார்கள். வயரை மாற்றினேன். ஹெட்போனின் தோல் உறை உரிந்து கறுப்புச் செதிலாகக் காதோரம் ஒட்டிக்கொள்ளும், அருவருப்பாக இருக்கும், அந்த உறையையும் மாற்றினேன், புது உறை சரியாகப் பதிந்தால் இடது வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. இந்தக் கறுப்பிலும் வெள்ளியிலும் திருகு கிடையாது, எல்லாம் பொத்தான்தான், எந்த அளவில் வைத்தாலும் இரண்டு பக்கமும் கச்சிதமாக ஒன்றாக இருக்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறான். காலையில் ஷாகுலுக்கு எழுதினேன், கறுப்பில் இடது பக்கம் கொஞ்சம் கம்மி. கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளியிலும் இடது பக்கம் கொஞ்சம் கம்மி. அதற்கு அவர் பதில் போட்டார். ரெண்டுலயுமா மேடம்? ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாத்தீங்களா? அதை நான் படித்துவிட்டேன் என்று நீல டிக் அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். இன்னும் பதில் எழுதவில்லை.

திருப்பி மாட்டுவது. இடது குமிழை வலது காதில், வலது குமிழை இடது காதில். அதற்கு ஒரு வினாடி ஆகுமா. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும். குறை பெட்டியிலோ வயரிலோ ஹெட்போனிலோ இருந்தால் கம்மியும் அதோடு சேர்ந்து வலது பக்கம் போய்விடும். போகாவிட்டால். செய்கிறேன், செய்யாமல் என்ன, முதலில் வேலையைப் பார்க்கலாம். வேலை என்றால் எனக்குக் கேட்பதுதான் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஜனங்கள் போன் செய்கிறார்கள், நம் ஆட்கள் எடுத்துப் பேசுகிறார்கள், பேசியது எல்லாம் பதிவாகிறது, அதை உட்கார்ந்து கேட்டு, நம் ஆள் ஒழுங்காகப் பேசினானா என்று மார்க் போடுகிறேன். ஒவ்வொரு அழைப்பையும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிகிறார்கள், கூப்பிடுகிறவர் இடது காதில், நம் ஆள் வலது காதில். ஒருவர் மேல் ஒருவர் பேசினாலும் தனித்தனியாகக் கேட்கும். இத்தனை வருஷத்தில் அது எனக்கு எப்படிப் பழகிவிட்டது என்றால், கஷ்டம் என்பது இடது பக்கத்திலிருந்து வருவது, மழுப்பல் வலது பக்கத்திலிருந்து வருவது. அந்த மழுப்பல் இருக்கிறதே, அதற்கு நாங்களே பயிற்சி கொடுக்கிறோம். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது மேடம். உங்கள் பொறுமைக்கு நன்றி மேடம். பாகு காய்ச்சி ஊற்றுகிற மாதிரி. சாவுச் செய்தி சொல்கிறவளிடமும் இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று முடிக்கிறான்கள், முடிக்காவிட்டால் நான் மார்க் குறைக்க வேண்டும், அதுதான் விதி. சமீபகாலமாகக் கூப்பிடுகிறவர்கள்தான் சரியில்லை. முனகுகிறார்கள். வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். வாடிக்கையாளர் குரல் தெளிவில்லை என்று குறிப்பு எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. வரவரச் செல்போன்களும் மட்டம், பேசுகிற ஜனங்களும் மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போன வாரம் நிவேதன் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிடுகிறவரை.

நிவேதன் எங்கள் டீம் லீடர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், நகத்தைக் கடித்துவிட்டு அதே கையால் கை கொடுப்பான். முசிறி பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசிய அழைப்பு. புருஷன் இறந்துவிட்டான், பணம் கேட்கிறாள், நம் ஆள், இறப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் தெரிவிக்கவே இல்லையே மேடம் என்கிறான், அதனால் கொடுக்க முடியாது என்கிறான், உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது என்கிறான். நான் அதைக் கேட்டு, வாடிக்கையாளர் மறுக்கவில்லை என்று எழுதி, நம் ஆளுக்கு முழு மார்க் போட்டிருந்தேன். நான் எழுதியதை வைத்து அவளுடைய புகாரை மூடிவிட்டார்கள். அவள் சொந்தக்காரர் யாரோ வக்கீலாம், மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறார், அதனால் நிவேதன் எடுத்துக் கேட்டிருக்கிறான். மேடம், அந்தம்மா தெளிவா சொல்றாங்க, நீங்க எப்படி விட்டீங்க, என்றான். தன் லாப்டாப்பில் ஸ்பீக்கரைத் திறந்து போட்டுக் காட்டினான். ரூம் ஏசி இரைச்சலில் எனக்கு என்ன கேட்டது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, ஏதோ ஒரு பெண் பேசினாள், அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் தலையை ஆட்டினேன். என் கம்ப்யூட்டரில் சவுண்ட் சரியில்லை நிவேதன், இடது சானல் ரொம்ப நாளாகக் கம்மியாக வருகிறது, ஐடிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, நானே நல்லதாக ஒரு டாக் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவனுக்கு நிம்மதி. தன் டீமில் இருபது வருஷ ஆளைப் பற்றி மேலே எழுத வேண்டியதில்லை அல்லவா. சரி மேடம், புது செட்டப்பில் கேட்டுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்புங்க என்றான். இன்று வெள்ளிக்கிழமை. வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், இப்போது நான் சொன்னது நிஜமாக இருக்க வேண்டும், இந்த இரண்டு பெட்டிகளில் ஏதாவது ஒன்று அதை நிஜமாக்க வேண்டும்.

அந்த அழைப்பைக் கறுப்பில் போடுகிறேன். வலது காதில் நம் ஆள் கணீரென்று, பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே எச்சில் ஒட்டி விடுபடுவதுகூடக் கேட்கிறது, தூ. இடது காதில் துணி உரசுகிற மாதிரி ஏதோ. அதற்குள் ஒரு குரல், இருக்கிறது, குரல் இருக்கிறது, சொல் இல்லை. சத்தத்தை ஏற்றினால் நம் ஆள் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்து உங்கள் பொறுமைக்கு நன்றி என்று கத்துகிறான். வெள்ளியில் போடுகிறேன். அதே. கம்ப்யூட்டரில் இடது வலது என்று ஒரு கோடும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இருக்கும், அந்தப் புள்ளியை நான் இடது பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறேன், ஜனவரியில் கொஞ்சம் தள்ளியது, இப்போது பார்த்தால் நடுவிலிருந்து பாதித் தூரம் வந்திருக்கிறது, இவ்வளவு நானா தள்ளினேன். பெட்டிக்காகத் தள்ளியது. இரண்டு பெட்டியிலும் இடது பக்கம் மட்டும் ஒரு கொய்ங் என்ற சத்தம் வேறு இருக்கிறது, குரூப்பில் அதை ஹிஸ் என்பார்கள், மலிவுச் சரக்கில் வரும். பெட்டியைப் பிடுங்கிய பிறகும் வருகிறதே என்றால் அது ஏசி. ஏசிதான். மாலை வேளையில் ஏசியை நிறுத்திய பிறகு கவனித்தால் தெரியும், ஆனால் அதற்குள் நான் கிளம்பிவிடுகிறேன். வேலைக்கு நடுவே மனம் ஆற ஒரு பழைய நாதஸ்வரப் பதிவு கேட்பேன், வலது பக்கம் நாதஸ்வரம், இடது பக்கம் தவில், எனக்கு அந்தத் தவில்தான் உயிர். கொஞ்ச நாளாக அந்தத் தவில்காரர் பந்தலை விட்டு எழுந்து தெருமுனைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறது. அவர் எழுந்து போகவில்லை, பதிவு பதிவாகத்தான் இருக்கும், அதில் யாரும் எழுந்து போக முடியாது. அப்படியானால் என்று ஆரம்பித்து மனம் அங்கேயே இடறிக்கொண்டு நிற்கிறது. இல்லை, டாக்தான். நல்ல டாக் வந்தால் தவிலும் வந்துவிடும்.

இடது தோள்பட்டை வலிக்கிறது என்று போனை வலது காதில் வைத்துப் பேசுகிறேன், அதுவும் ஜனவரியிலிருந்துதான் என்று ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் நல்ல தூக்கம், கொசு இல்லை, நாய் இல்லை, எதிர்வீட்டு மோட்டார் இல்லை, எவ்வளவு நிம்மதி என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர், காலிங் பெல் அடிச்சு அடிச்சு பால்காரர் திரும்பிப் போயிட்டார், அப்படி என்ன தூக்கம் உனக்கு என்று கோபித்துக்கொண்டார். அலுப்பு என்றேன். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து ஒன்று வாங்கி, வீட்டில் யாரும் இல்லாதபோது இடது காதில் விட்டுக்கொண்டு படுத்தேன், உள்ளே நுரைத்தது, எழுந்ததும் ஏதோ பழுப்பாக ஒழுகும், கட்டிகட்டியாக வரும், வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பஞ்சை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு அழுக்கு என்றால் ஆகாது, அன்றைக்கு அழுக்கு வேண்டும் என்று இருந்தது. பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அதை எதற்காகப் பேப்பரில் சுற்றி, மேலே இன்னொரு பேப்பர் சுற்றி, குப்பைக்கு அடியில் தள்ளினேன். யார் பார்க்கப் போகிறார்கள். டாக்டரிடம் போகலாம், போனால் அவர் கண்ணாடி ரூமுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பார். அழுத்தாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ரூமிலும் ஒரு பொது ஹெட்போன்தான் இருக்கும், அதிலும் யாருடைய எண்ணெயாவது இருக்கும். கேட்கிற வேலைக்காரிக்குக் காது போனால் என்ன செய்வார்கள். வெளியே அனுப்ப மாட்டார்கள், நல்ல கம்பெனி, ஏதாவது ஒரு மூலையில் தபாலைப் பிரிக்க உட்கார வைத்து, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள், எல்லாரும் என்னிடம் கொஞ்சம் சத்தமாகவும் வாயைப் பெரிதாகத் திறந்தும் பேசுவார்கள், எச்சில் தெறிக்கும். நினைக்கும்போதே உடம்பு கூசுகிறது.

கலியமூர்த்தி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பொரியல் போய்விட்டது, சோறு பாதி. இவர் வேறு என்மேல் கோபமாக இருக்கிறாராம், நிவேதன்தான் சொன்னான், கலியமூர்த்தி சாருக்கு மகள் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, சந்தோஷமா வந்து உங்ககிட்ட சொன்னாராம், நீங்க ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்துட்டீங்களாம் மேடம். எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஹெட்போன் போட்டிருந்திருப்பேன். ஹெட்போன் போடவில்லையாம், சாப்பிடுகிற நேரமாம். தலைக்கனம் என்று பாண்ட்ரியில் சொன்னாராம். சொல்லட்டும், மெயிலில் பட்ட கோபத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், தாடை ஏறி இறங்குகிறது, உதட்டோரம் பருக்கை, உள்ளங்கையைக் குவித்து ரசத்தை உறிஞ்சுகிறார். கன்னம் குழிந்துவிட்டு நிமிர்கிறது. ரசத்தை அப்படி உறிஞ்சினால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாதா, என் தலைக்குள்ளேயே இருக்கிறது அந்தச் சத்தம், சர்ர்ர் என்று நீளமாகப் போய் ஒரு ஏப்பத்தில் முடியும். கன்னம் அப்படிக் குழிகிறது, சத்தம் மட்டும் இவ்வளவுதான் இருக்கிறது. சத்தமில்லாமல் ரசம் உறிஞ்ச ஒரு மனிதர் எங்கே போய்ப் பழகினார். இந்தக் கேள்வி வந்த உடனேயே நான் அவர் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளிப் பெட்டியை எடுத்துத் துடைத்தேன்.

சரி. செய்துவிடலாம். கறுப்பிலா வெள்ளியிலா, எதில் என்ன, வெள்ளி செருகியிருக்கிறது, இருக்கட்டும். முதலில் அந்தப் புள்ளியைக் கோட்டின் நடுவுக்குக் கொண்டுவருகிறேன், மவுஸ் பிசுபிசுவென்று இருக்கிறது, அது என் வியர்வைதான். ஹெட்போனைத் திருப்புகிறேன். எப்போதும் இடது பக்கம் தொங்குகிற வயர் வலது தோளில் விழுகிறது, புதிதாக யாரோ தொட்ட மாதிரி இருக்கிறது. போய்விடு, கம்மி எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடு, வலது பக்கம் மங்கட்டும், ஷாகுல் கொடுத்தது மட்டச் சரக்காக இருக்கட்டும், ஹெட்போனே குப்பையாக இருக்கட்டும். முசிறிப் பெண்ணின் அழைப்பில் பிளேயை அழுத்துகிறேன்.

சொன்னேனே தம்பி. வலது காதில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேனே. எடுத்த புள்ள எழுதிக்கிட்டேன்னு சொல்லிச்சே. அவளுக்குப் பின்னால் ஒரு கோழி கத்துகிறது, பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறது, யாரோ அடுப்பை அணை என்கிறார்கள், எதுவும் முனகல் இல்லை, எதுவும் தெளிவில்லாமல் இல்லை. மறுபடி சொல்கிறாள், சொன்னேங்க, சாமி சத்தியமா சொன்னேன், அவரு போன மூணா நாளே சொன்னேன். நடுநடுவே அவள் மூக்கை உறிஞ்சுகிறாள், சளி தொண்டைக்குள் போகிறது, அருவருத்துக்கொண்டே நான் ஒரு சொல் விடாமல் கேட்கிறேன். இடது காதில் நம் ஆள் போர்வைக்குள்ளிருந்து ஏதோ சொல்கிறான். உங்கள் சிரமம் என்று இருக்கும், எனக்குக் கேட்கவில்லை. கம்மி நகரவே இல்லை. எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது, கொய்ங் என்ற சத்தத்தோடு.

முசிறிப் பெண்ணின் பதிவைத் திறந்து, வாடிக்கையாளர் மறுக்கவில்லை என்ற வரியை அழித்தேன். இறப்பை உடனே தெரிவித்ததாக அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், பதிவில் தெளிவாக இருக்கிறது, புகாரை மறுபடி எடுக்கவும் என்று எழுதினேன். நம் ஆளுக்கு மார்க் போடுகிற இடத்தில், தவறு அழைப்பை எடுத்தவருடையது மட்டும் இல்லை, இந்த அழைப்பை முதலில் கேட்டவருக்கு இடது காது கேட்கவில்லை என்று எழுதினேன். எழுதியதைப் பார்க்க அசிங்கமாக இருந்தது, என் துணியை யாரோ ஆபீஸ் நடுவே உதறிக் காய வைத்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு நிவேதனுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு ஷாகுலிடமிருந்து வந்தது, எது மேடம் ஓகே பண்ணலாம்? ரெண்டுமே நல்லா இருக்கு, ரெண்டையுமே எடுத்துட்டுப் போயிடுங்க என்று எழுதினேன். ஒரு குறையும் இல்லாத பெட்டிகள். இரண்டையும் அதனதன் உறையில் போட்டு மேஜை ஓரத்தில் வைத்தேன். ஹெட்போனைக் கழற்றினேன், காதோரம் புது உறை வேர்வையில் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. அந்த மெயிலை நினைத்தேன். அருகில் இருப்பவர்களையும் மனதில் கொள்ளவும். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நாற்காலியைச் சுழற்றினேன். கொஞ்சம் போதவில்லை, இன்னும் கொஞ்சம், முதுகு ஸ்கிரீன் பக்கம் திரும்பி வலது காது கலியமூர்த்தி பக்கம் வருகிறவரை. வந்தது. எல்லாம் வந்தது. சப் சப் சப், சோறு பல்லிடுக்கில் அரைபடுவது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிவது, தொண்டை ஒவ்வொரு உருண்டையையும் வாங்கி விழுங்குவது, மூச்சை மூக்கால் விடும்போது ஒரு சின்ன விசில். துளிகூடக் குறையவில்லை. அவர் திருந்தவே இல்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இன்றைக்கு வரைக்கும் இதே சத்தம் இங்கேயே இருந்திருக்கிறது. நான் ஏதோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும், மெல்லுவதை நிறுத்திவிட்டார். என்ன மேடம், சத்தமா இருக்கா, என்றார். அந்த மெயில் வந்ததுலேர்ந்து பாக்கறன், மாத்திக்க வரல, சின்ன வயசுப் பழக்கம். குரல் கணீரென்று இருந்தது, கடலூர்க் குரல், இவ்வளவு நல்ல குரலா இவருக்கு. மகளுக்குக் கல்யாணமாமே சார் என்றேன், அன்னிக்கு நீங்க சொன்னது என் காதுல விழல. அவர் டப்பாவைப் பார்த்தார். அப்புறம், ஆவணியில, வந்துருங்க, என்றார். மோர்ச்சோறு கொஞ்சம் மீதி இருக்கிறது, கையைக் கழுவப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி விரலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பிடுங்க சார், என்றேன். முழுசா சாப்பிடுங்க. அவர் தயங்கித் தயங்கிக் கையை டப்பாவுக்குள் விட்டார், மோரைச் சோற்றோடு சேர்த்து வழித்தார், உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சினார், சர்ர்ர் என்று அது நீளமாகப் போய் ஒரு ஏப்பத்தில் முடிந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு, அடுத்த வாய்க்குக் காத்திருக்கிறேன்.